மின்சுற்றும் மதிப்பெண்ணும்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் உங்களிற் பலர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "எவ்வளவு வந்தது?" என்பதுதான். அந்த எண் எவ்வாறு வந்தது என்று கேட்போர் மிகச் சிலர். மின்னணுவியல் கற்பிக்கும் எனக்குப் பின்னதே சுவையான கேள்வி. வோல்ட்மீட்டரைக் கையில் எடுக்கும்பொழுது, அது எதை அளக்கும், எதை அளக்காது என்று முதலில் தெரிந்துகொள்கிறோம். மதிப்பெண்ணும் ஓர் அளவுகருவியே. ஆனால் அதன் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கும் வாய்ப்பு நமக்கு எளிதிற் கிடைப்பதில்லை.

அத்தகைய வாய்ப்பு 2012ஆம் ஆண்டில் ஒன்று கிடைத்தது. அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (இதனையும் எம்.ஐ.டி. என்றே அழைப்பர், நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வேறு) தன் மாணவர்க்கு நெடுங்காலமாகக் கற்பித்து வந்த "சுற்றுகளும் மின்னணுவியலும்" என்னும் பாடத்தை அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இணையத்தின் வழியே உலகனைத்துக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதனை முன்னின்று நடத்திய பேராசிரியர் அனந்த் அகர்வால் சென்னை ஐ.ஐ.டி.யிற் பயின்றவர். பெயர் பதிந்துகொண்டோர் ஏறத்தாழ 1,55,000 பேர். இத்தனை பேருடைய விடைகளையும் எந்த ஆசிரியரால் திருத்த முடியும்? கணினியே திருத்திற்று. கணினிக்கு விதியைத் திட்டமாகச் சொல்லியாக வேண்டும். ஆதலால் மதிப்பிடும் முறை முழுவதும் எல்லாரும் காணும்படி வெளியாயிற்று.

வீட்டுப்பாடம் 12, அவற்றுக்கு நூற்றுக்கு 15. ஆய்வுக்கூடப் பயிற்சி 12, அவற்றுக்கும் 15. இவ்விரண்டிலும் மிகக் குறைந்த மதிப்பெண் வந்த இரண்டிரண்டு பயிற்சிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நோயும் திருமணமும் எல்லார் வீட்டிலும் உண்டல்லவா? இடைத்தேர்வுக்கு 30, இறுதித்தேர்வுக்கு 40. கூட்டுத்தொகை 87 ஆனால் 'ஏ', 70 ஆனால் 'பி', 60 ஆனால் 'சி'. அதற்குக் கீழே சான்றிதழ் இல்லை.

இதனைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். வீட்டுப்பாடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். சரியானால் பச்சைக் குறி தோன்றும். ஆகவே பொறுமையுள்ள ஒருவன் பயிற்சிகளுக்குரிய 30 மதிப்பெண்ணையும் முழுதாகப் பெற்றுவிடக்கூடும். அவனுக்குத் தேர்வுகள் இரண்டிலும் சேர்த்து 70க்கு 30 வந்தாலே தேர்ச்சி. பயிற்சிகளைத் தொடாதவனுக்கோ அதே தேர்ச்சிக்கு 70க்கு 60 வேண்டும். அறிவில் இருவரும் சமம் என்றே கொள்ளுங்கள். முன்னவன் எளிதிற் கரையேறுவான், பின்னவன் திணறுவான். இவ்விதியை எழுதியவர்கள் விடாமுயற்சிக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள். அது தவறென்று நான் கருதவில்லை. ஆயினும் அந்த விலை எவ்வளவு என்பதைப் பாடம் தொடங்கும் நாளிலேயே மாணவன் அறிந்திருக்க வேண்டும்.

இனி, கணினி எதைக் காணவில்லை என்று பார்ப்போம். 10 வோல்ட் மின்கலத்துடன் 2,000 ஓம், 3,000 ஓம் ஆகிய இரு தடைகளைத் தொடராக இணைத்திருக்கிறோம். 3,000 ஓம் தடையின் குறுக்கே மின்னழுத்தம் எவ்வளவு? விடை 6 வோல்ட். ஒரு மாணவன் முறையைச் சரியாக எழுதி, இறுதியில் இரு தடைகளையும் இடம் மாற்றி 4 என்று விடை தருகிறான். மற்றொருவன் ஒன்றும் அறியாமல், ஐந்தைப் போட்டுப் பார்த்து, பின்பு ஆறைப் போடுகிறான். கணினிக்கு முன்னவன் பிழை, பின்னவன் சரி. தாளைப் படிக்கும் ஆசிரியரோ முன்னவனுக்கு ஐந்தில் மூன்றாவது வழங்குவார். தேர்வுகளில் விடையளிக்கும் முயற்சிகளுக்கு வரம்பு வைத்ததன் காரணம் இதுவே. வரம்பு ஊகத்தைக் குறைக்கும். ஆனால் சிந்தனையின் பாதி வழிக்கு அதனால் மதிப்பெண் தர இயலாது.

வகுப்பின் சராசரியை நடுவே வைத்து, அதற்கு மேலும் கீழும் தரங்களைப் பிரிக்கும் முறையும் பல கல்லூரிகளில் உண்டு. வினாத்தாள் கடினமாக அமைந்துவிட்டால் அது மாணவனைக் காக்கும். ஆனால் அண்டை இருக்கை நண்பனின் வெற்றி எனக்கு இழப்பாகும் என்னும் எண்ணத்தையும் அது வளர்த்துவிடும். மேலும், இவ்விணைய வகுப்பில் அம்முறை நகைப்புக்கிடமாகியிருக்கும். பதிந்த 1,55,000 பேரில் தேர்ச்சி பெற்றோர் 7,157 பேரே. பதிந்ததோடு நின்றவர்கள் கணக்கற்றோர். இவர்களையெல்லாம் சேர்த்துச் சராசரி கண்டால், இரண்டு வீட்டுப்பாடம் முடித்தவனும் மேதையாகத் தோன்றுவான். நிலையான எல்லையை அவர்கள் வகுத்தது நன்றே.

எனக்கு மனக்குறை ஒன்று உண்டு. ஆய்வுக்கூடம் என்று 15 மதிப்பெண் ஒதுக்கினார்களே, அது கணினித் திரையில் சுற்று வரையும் பயிற்சி. அங்கே தடை சூடேறாது, கம்பி கழன்றுவிடாது, அலைநோக்கியில் எங்கிருந்தோ இரைச்சல் நுழையாது. இவை நேரும்பொழுது குழம்பாமல் நின்று காரணம் தேடுவதே பொறியாளனின் பாதித் திறமை என்பேன்.

மங்கோலியாவின் உலான்பாத்தர் நகரில் ஒரு பள்ளி இக்குறையைத் தானே நீக்கிக்கொண்டது. அதன் தலைமையாசிரியர் அமெரிக்க எம்.ஐ.டி.யிற் பட்டம் பெற்றவர். ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவரைக் கருவிகளோடு வரவழைத்தார். பிள்ளைகள் இணையத்திற் பாடம் கேட்டு, மேசையில் கையாலேயே சுற்றுகளை இணைத்தனர். உலகெங்கும் முழு மதிப்பெண் பெற்றோர் 340 பேர். அவர்களுள் ஒருவன் அப்பள்ளியின் 15 வயது மாணவன். அவன் கைகள் கற்றுக்கொண்டதற்கு அம்மதிப்பெண்ணில் இடமே இல்லை.

அச்சிறுவனைப் பின்னர் அந்த எம்.ஐ.டி.யே மாணவனாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே புதிதாகச் சேரும் மாணவர்க்கு முதற்பருவத்தில் 'ஏ', 'பி' என்னும் எழுத்துகள் வெளியே செல்லும் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. தேறிய பாடங்கள் தேறியவை என்று மட்டுமே குறிக்கப்படும். தவறியவை அதில் பதிவாவதில்லை.