அவுட்போர்டு இன்ஜின்: கையால் தூக்குவதா, பட்டனில் தூக்குவதா?

துறைமுகம் இல்லாத ஊர்களில் ஃபைபர் படகு நேராக மணலில்தான் ஏறும். அந்த நேரத்தில் இன்ஜினைத் தூக்கக் கொஞ்சம் தாமதித்தாலும் புரொப்பெல்லர் தரையில் இடிக்கும். செலவுதான்!

இன்ஜினைத் தண்ணீரிலிருந்து தூக்குவது டில்ட். ஓடும்போது அதன் சாய்வைச் சில டிகிரி மாற்றுவது ட்ரிம். புரொப்பெல்லர் படகை ஒட்டி உள்ளே சாய்ந்தால் அணியம் அமுங்கும், எரிபொருள் வீணாகும். ரொம்ப வெளியே போனால் படகு குதிக்கும்.

9.9 குதிரைத்திறன் போன்ற சிறிய இன்ஜின்களில் பெரும்பாலும் கையால் தூக்கும் வகைதான். ட்ரிம்மை மாற்ற, இன்ஜினை நிறுத்தி, பிராக்கெட் துளைகளில் பின்னை மாற்றிச் செருக வேண்டும். திரும்பும்போது மீன் பாரம் கூடினால் நடுக்கடலில் இது பெரிய தொல்லை. பவர் டில்ட்டில் ஓடும்போதே பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் 12 வோல்ட் பேட்டரி வேணும், எடை கூடும், உப்புத்தண்ணீர் வயரிங்கைச் சும்மா விடாது.

தினமும் கரையேறும் சிறு படகுக்குக் கையால் தூக்குவதே தேவலாம். பவர்தான் வேண்டும் என்றால், வாங்கும்போதே மேனுவல் ரிலீஸ் வால்வைத் திறந்து காட்டச் சொல்லுங்க. பேட்டரி படுத்துவிட்டால் அதைத் தளர்த்தித்தான் இன்ஜினைக் கையால் தூக்க முடியும். தூக்கியதும் வால்வை மறுபடி இறுக்கணும். இல்லாவிட்டால் இன்ஜின் தானாகக் கீழே இறங்கிவிடும்.