கஞ்சாச் செடியில் ஒரு மருந்து! விற்கிறவருக்கு எத்தனை சிக்கல்!

கஞ்சா!

இந்தச் சொல்லைக் கேட்டதும் போலீசும் சிறையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அதே செடியில் இருந்து ஒரு மருந்துப் பொருளும் எடுக்கிறார்கள். அதன் பெயர் "சி.பி.டி.". அது போதை தராது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதை எண்ணெயாகவும் மாத்திரையாகவும் களிம்பாகவும் கடைகளில் விற்கிறார்கள்.

சென்னை வடபழனியில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிற ஒருவர், ஒரு நாட்டு மருந்துக் கடையில் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுக்கும் திப்பிலியும் வாங்குகிறார். பிறகு மெதுவாகக் கேட்கிறார்:

"முழங்கால் வலிக்குக் கஞ்சா எண்ணெய் வந்திருக்கிறதாமே! இருக்கிறதா?"

கடைக்காரருக்குத் திக்கென்று இருக்கும். அவர் என்ன பதில் சொல்வார்?

ஒரு செடி, இரண்டு பொருள்கள்

கஞ்சாச் செடியில் பல பொருள்கள் உள்ளன. அவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, டி.எச்.சி. தலையைக் கிறுகிறுக்க வைப்பது அதுதான். மற்றொன்று, சி.பி.டி.

சி.பி.டி.யை 1940-ம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரோஜர் ஆடம்ஸ் பிரித்து எடுத்தார். அதன் அமைப்பை 1963-ம் ஆண்டில் இஸ்ரேல் அறிஞர் மெக்கூலம் கண்டுபிடித்துச் சொன்னார்.

இது எந்த நோய்க்கு நல்லது? குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்களுக்கு இது பயன்படுகிறது. அதற்கான மருந்தை 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க அரசு அனுமதித்தது. நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகே அந்த அனுமதி கிடைத்தது.

"மூட்டு வலி தீரும், தூக்கம் வரும், கவலை பறக்கும்" என்றும் சில வியாபாரிகள் சொல்கிறார்கள். அதற்கு அவ்வளவு உறுதியான சான்று இன்னும் இல்லை.

சித்த மருத்துவத்தில்...

நம் நாட்டு வைத்தியத்துக்குக் கஞ்சா புதிது அல்ல. "கோரக்கர் மூலி" என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. கோரக்கர் என்பவர் ஒரு சித்தர். சித்த வைத்தியர்கள் கஞ்சாவை அப்படியே மருந்தில் சேர்ப்பது இல்லை. முறைப்படி சுத்தி செய்து, மற்ற மூலிகைகளோடு அளவாகச் சேர்ப்பார்கள். புகைப்பது வேறு, மருந்து வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 1985-ம் ஆண்டில் வந்தது. இந்தச் சட்டப்படி, செடியின் பூவும் காயும் உள்ள நுனிப் பகுதிதான் கஞ்சா. பிசின் என்றால் அது சரஸ். இலையும் விதையும் தனியாக இருந்தால் கஞ்சா அல்ல. பூவோடு சேர்ந்து இருந்தால் அவையும் கஞ்சாதான்!

ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கஞ்சா வைத்திருந்தால் ஓர் ஆண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் என்றால், 10 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல். அபராதமும் லட்சக்கணக்கில் உண்டு.

கடைக்காரரின் பயம் இங்கேதான் தொடங்குகிறது. புட்டிக்குள் இருப்பது இலையில் இருந்து எடுத்ததா? பூவில் இருந்து எடுத்ததா? கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுப் போலீசார் "கஞ்சா வேட்டை" என்ற பெயரில் பெரிய சோதனைகள் நடத்தியவர்கள். கஞ்சா என்று எழுதிய சரக்கைக் கடையில் வைக்க யாருக்குத்தான் துணிவு வரும்?

தமிழில் இல்லாத எச்சரிக்கை

சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரிக்க அரசின் உரிமம் வேண்டும். விஷத்தன்மை உள்ள சரக்குகளுக்கு மருந்து விதிகளில் தனிப் பட்டியல் இருக்கிறது. எட்டி, ஊமத்தை, அபின் ஆகியவற்றோடு கஞ்சாவும் அதில் இருக்கிறது. இவை சேர்ந்த மருந்தை உள்ளுக்குச் சாப்பிடக் கொடுத்தால், "மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடவும்" என்ற எச்சரிக்கை புட்டியின் மேல் இருக்க வேண்டும்.

எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! விதி அப்படித்தான் சொல்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பாட்டி அந்தப் புட்டியை வாங்கினால்? அவருக்கு அந்த எச்சரிக்கையைக் கடைக்காரர்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

விதை எண்ணெய் வேறு!

இதே செடியின் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க, 2021-ம் ஆண்டு நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழி செய்தது. போதைப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு கட்டியது. ஒரு கிலோ விதையில் 5 மில்லி கிராம். ஒரு கிலோ எண்ணெயில் 10 மில்லி கிராம். இதற்கு மேல் கூடாது.

விதையில் சி.பி.டி. அநேகமாக இல்லை. ஆகவே, விதை எண்ணெயைக் காட்டி "இதுதான் சி.பி.டி. எண்ணெய்" என்று யாராவது விற்றால், அது ஏமாற்று! பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வாங்குகிறவர் எளிதில் ஏமாறுவார். நேர்மையான வியாபாரியின் பெயரும் அதனால் கெடும்.

விளம்பரத்துக்கும் தடை உண்டு. புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு போன்ற நோய்களைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது, 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வெளிநாட்டிலும் தொல்லை

அமெரிக்காவில் 2018-ம் ஆண்டு டிசம்பரில், போதை குறைந்த வகைச் செடியைப் பயிரிட அனுமதி கிடைத்தது. கடைகள் பெருகின. ஆனால், "நோய் தீரும்" என்று சொல்லி விற்ற பல கம்பெனிகளுக்கு அந்நாட்டு மருந்துத் துறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இங்கிலாந்தில் ஒரு நாளைக்கு 70 மில்லி கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று 2020-ல் சொன்னார்கள். 2023 அக்டோபரில் அதை 10 மில்லி கிராமாகக் குறைத்தார்கள். பழைய அளவை நம்பிச் சரக்கு வாங்கி அடுக்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள்!

நம் நாட்டில் உத்தரகாண்ட் மாநிலம் 2018-ல் இந்தச் செடியைத் தொழிலுக்காகப் பயிரிட வழி திறந்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம், மிகக் கொடிய போதைப் பொருள் பட்டியலில் இருந்து கஞ்சாவை நீக்கியது. 27 நாடுகள் ஆதரித்தன. 25 நாடுகள் எதிர்த்தன. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. இதனால் நம் நாட்டுச் சட்டம் மாறிவிடவில்லை.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கஞ்சாச் சட்டம் மிகக் கடுமை. மகனுக்கு என்று ஊறுகாயோடு இந்த எண்ணெயையும் பெட்டியில் வைத்துவிடக் கூடாது!

வாங்குகிறவர் செய்ய வேண்டியது

சி.பி.டி. சாப்பிட்டால் தூக்கக் கலக்கம் வரலாம். கல்லீரல் பாதிக்கப்படலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்தோடும், வலிப்பு மருந்தோடும் இது மோதும். ஆகவே, வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

புட்டியில் தயாரித்தவர் பெயர், உரிம எண், தேதி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கக் கூடாது. வடபழனிக்குப் பக்கத்திலே, அரும்பாக்கத்தில், அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. அங்கே சித்த மருத்துவர்களிடம் யோசனை கேட்கலாம்.

சரி, முழங்கால் வலிக்காரருக்கு அந்தக் கடைக்காரர் என்ன பதில் சொல்வது?

"மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறதா, ஐயா?"

இப்படிக் கேட்டால் ஒரு வியாபாரம் கைநழுவிப் போகலாம். ஆனால், வந்தவருக்கும் ஆபத்து இல்லை; கடைக்கும் ஆபத்து இல்லை!