வாக்குகள் சமமானால் யார் முடிவு செய்வது?

கூட்டத்தில் ஒரு தீர்மானத்துக்கு ஆதரவும் எதிர்ப்பும் சமமாக விழுந்தால், தலைமை வகிப்பவர் இன்னொரு வாக்கைப் போட்டு முடிவு செய்வார். பாறசாலை, காரோடு, செங்கல் போன்ற, தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லையோர ஊராட்சிகளிலும் இதுதான் நடைமுறை. தலைவரும் உறுப்பினரே என்பதால் இது அவருடைய இரண்டாவது வாக்கு.

சட்டமன்றத்தில் அப்படி அல்ல. அரசியலமைப்பின் 189ஆம் பிரிவுப்படி சபாநாயகர் முதலில் வாக்களிக்க மாட்டார். சமமானால் வாக்களித்தே தீரவேண்டும். இந்த அதிகாரத்தின் முழு வலிமையையும் கேரளம் 1982இல் கண்டது. 1981 டிசம்பர் 28இல் பதவியேற்ற கருணாகரன் அமைச்சரவைக்கு அவையில் சரிபாதி பலமே இருந்தது. சபாநாயகர் ஏ.சி. ஜோஸ் எட்டு முறை தம் வாக்கைப் போட்டு அரசைக் காத்தார். அவரை ஆதரித்துவந்த உறுப்பினர் லோனப்பன் நம்பாடன் ஆதரவை விலக்கிக்கொண்டதும் அந்த வாக்குக்கும் வேலை இல்லாமல் போயிற்று; மார்ச் 17இல் அரசு விழுந்தது. பிரிட்டிஷ் மரபில் சபாநாயகர் இருக்கும் நிலையை மாற்றாத பக்கமே வாக்களிப்பார். பெரும்பான்மை இல்லாத மாற்றத்தைத் தனி ஒருவர் திணிக்கக் கூடாது என்ற அந்த எண்ணம் நியாயமானது. ஆனால் அதே மரபு, பெரும்பான்மை இல்லாத அரசையும் நாற்காலியில் நீடிக்க விடும்.

2011 கேரளச் சட்டமன்றத் தேர்தலிலும் கணக்கு நெருக்கமாகவே இருந்தது: ஐக்கிய ஜனநாயக முன்னணி 72, இடது ஜனநாயக முன்னணி 68. அதனால்தான் நெய்யாற்றின்கரை உறுப்பினர் ஆர். செல்வராஜ் 2012 மார்ச்சில் மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து விலகிப் பதவியைத் துறந்தபோது மாநிலமே அந்தத் தொகுதியைக் கவனித்தது. இடைத்தேர்தலில் அவர் காங்கிரஸ் வேட்பாளராக வென்றார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் சமநிலை வந்தால் குலுக்கல்தான். எல்லையைத் தாண்டினால் அது நடக்கும் இடம் மாறும். தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டத்தில் கிராம ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்கு எண்ணும் இடத்தில்தான் சீட்டு எடுக்க வேண்டிவரும். கேரளத்தில் வார்டு உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பதால், கூட்ட அரங்கிலேயே சீட்டு எடுக்கப்படும். 2020இல் கோட்டயம் நகராட்சியில் இரு முன்னணிக்கும் 22 வாக்குகள். குலுக்கலில் பின்சி செபாஸ்டியன் தலைவரானார்.

கேரள உள்ளாட்சித் தலைவர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் குலுக்கல் கிடையாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால்தான் அது நிறைவேறும். சரிபாதி என்றால் தோல்வி. 52 உறுப்பினர் கொண்ட கோட்டயத்தில் 2021 செப்டம்பரில் பாஜகவும் சேர்ந்ததால் 29 வாக்குகள் விழுந்து, பின்சி பதவி இழந்தார். நவம்பரில் நடந்த மறுதேர்தலில் இடதுசாரி உறுப்பினர் ஒருவர் வராததால், குலுக்கல் இல்லாமலே 22க்கு 21 என்று அவர் மீண்டும் வென்றார்.