ஓட்டு வரும்போது பிள்ளைகள் ஊரில் இல்லை

கொடைக்கானல் மேல்மலையில் அரசுப் பள்ளி ஆசிரியை நான். தேர்தல் வந்தால் எங்கள் வாக்குச்சாவடிக்கு பி.எல்.ஓ.வும் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நான்தான். பூத் சிலிப்பை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனால், புதிதாகப் பெயர் சேர்ந்த பிள்ளைகளின் வீட்டில் அநேகமாக ஒரே பதில்: "அவன் கோயம்புத்தூர்ல இருக்கான் டீச்சர். லீவு குடுக்க மாட்டாங்களாம்."

எங்கள் மலையில் 18 என்பது ஊரைவிட்டுக் கிளம்பும் வயது. பிளஸ் டூ முடிந்ததும் திண்டுக்கல், மதுரை, கோவை என்று படிப்புக்கோ மில் வேலைக்கோ இறங்கிவிடுகிறார்கள். 16 வயதில் இங்கேதான் இருக்கிறார்கள். லீவு நாளில் பூண்டுக்காட்டில் நிற்கிறார்கள். எந்தக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எந்தத் தடத்தில் காட்டெருமை நிற்கும் என்பதெல்லாம் அத்துப்படி. அதனால்தான் சொல்கிறேன்: உள்ளாட்சித் தேர்தலிலாவது 16 வயதில் ஓட்டுரிமை தர வேண்டும்.

ஓர் அக்டோபர் 2 கிராம சபையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி நோட்டோடு எழுந்து நின்றாள். சாயங்கால பஸ் வராமல் போன நாட்களைத் தேதி போட்டுக் கோடு கிழித்து எழுதி வைத்திருந்தாள். பஸ் இல்லாத நாளில் ஜீப்புக்கு எவ்வளவு செலவு, காசில்லாதவர்கள் எத்தனை பேர் இருட்டில் நடந்தார்கள் என்றுகூடத் தனிக் கட்டம். இரண்டு வரி படிப்பதற்குள் மேசையிலிருந்து குரல் வந்தது: "உனக்கு ஓட்டு இருக்காம்மா? அப்பாவைப் பேசச் சொல்லு." அப்பா அன்றைக்குப் பூண்டு மூட்டையோடு வடுகபட்டி சந்தைக்குப் போயிருந்தார். தீர்மானப் புத்தகத்தில் பஸ் ஏறவில்லை. சட்டப்படி பார்த்தால் மேசையிலிருந்து குரல் கொடுத்தவர் சொன்னது தப்பில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

18 என்பது கல்லில் வெட்டியதா என்ன? நாடு முதல் பொதுத்தேர்தலைச் சந்தித்தபோது வயது 21. 1988-இல் நிறைவேறிய 61-வது அரசியல் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 28-இல் நடைமுறைக்கு வந்து 18 ஆனது. பிரேசில் 1988-இலேயே 16 வயதில் விரும்பினால் ஓட்டுப் போடலாம் என்றது. ஆஸ்திரியா 2007-இல் மாற்றியது. ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலம் 1990-களிலேயே உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் 16 என்று தொடங்கியது. நமக்குப் பொருந்தும் வழி இதுதான்.

நம் அரசியல் சட்டத்திலும் அதற்கு இடமிருக்கிறது. 18 வயது என்று சொல்லும் 326-வது பிரிவு மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் உரியது. ஊராட்சித் தேர்தலைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 243-கே பிரிவு மாநில சட்டமன்றத்துக்குத் தருகிறது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்துவதில் தொடங்கலாம்.

"அப்பன் சொன்ன சின்னத்துல குத்துவாங்க, காசுக்கு விழுந்துடுவாங்க" என்கிறார்கள். காசு வாங்குவது வயதைப் பார்த்து வருவதில்லை. பெரியவர்கள் வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பில் அரசியலமைப்பை நாங்கள் நடத்துகிறோம். படித்தது மறப்பதற்குள் ஓட்டுப் போடட்டும் என்பேன். இன்னொன்றும் உண்டு. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, கொடிய குற்றம் என்றால் 16 முடிந்தவரைப் பெரியவராகக் கருதியே விசாரிக்க முடியும். பழி சுமக்கத் தகுதி உண்டு, வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி இல்லை என்பது நியாயமே இல்லை.

மேல்மலைக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். கிராம சபையில் ஒரு பிள்ளை எழுந்து நின்றால் பேச விடுங்கள். சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாத வேலையும் ஒன்று இருக்கிறது. 17 வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எது 18 முடிந்த பிறகு முதலில் வருகிறதோ, அதைக் கணக்கில் எடுத்துப் பெயர் சேர்ப்பார்கள். பிள்ளை மலையிறங்குவதற்கு முன்பே அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.