தானியங்கிக் கிடங்குகளில் செயல்திறன் மேம்பாடு

தானியங்கிச் சேமிப்பு மீட்பு முறைமை என்பது, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிரேன்களைக் கொண்டு சரக்குகளை உயரமான அடுக்குகளில் வைக்கவும் எடுக்கவும் செய்யும் கிடங்கு ஏற்பாடு ஆகும். ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோ நகரில் பெர்டெல்ஸ்மான் நிறுவனத்திற்காக 1962இல் கட்டப்பட்ட உயரடுக்குக் கிடங்கு இதன் முன்னோடிகளுள் ஒன்று.

இவ்வகைக் கிடங்குகளில் பெரும்பாலும் ஓர் இடைவழிக்கு ஒரு கிரேன் மட்டுமே இருக்கும். அது தாமதித்தால் வாசலில் லாரி காத்திருக்க நேரிடும். கிரேனின் வேகத்தைக் கூட்டுவதற்கோ எல்லை உண்டு. எனவே அதன் வீண் பயணத்தைக் குறைப்பதே செயல்திறனை உயர்த்தும் முதன்மை வழியாகும்.

பயண நேரம்

கிரேன் இடைவழியில் நகரும்போதே அதன் தூக்குமேடையும் மேலேறுகிறது. ஆகவே ஓர் அறையை அடையும் நேரம் என்பது கிடைப் பயண நேரம், செங்குத்துப் பயண நேரம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதுவே. இரண்டின் கூட்டுத்தொகை அன்று.

இரட்டைக் கட்டளை

சரக்கை வைத்துவிட்டு கிரேன் வெறுமனே திரும்புவதும், வெறுமனே சென்று சரக்கை எடுத்து வருவதும் ஒற்றைக் கட்டளை எனப்படும். ஒரு சரக்கை வைத்த கையோடு வேறோர் அறைக்குச் சென்று இன்னொன்றை எடுத்து வருவது இரட்டைக் கட்டளை ஆகும்.

இதன் பயனைப் போசர், வைட் ஆகியோர் 1984இல் வெளியிட்ட சூத்திரங்களால் கணக்கிடலாம். வாசல் அடுக்கின் கீழ்மூலையில் உள்ளது. அங்கிருந்து மறுகோடிக்கும் உச்சிக்கும் தலா 60 வினாடி ஆகிறது. எல்லா அறைகளும் சமமாகப் பயன்படுகின்றன எனக் கொள்வோம். ஒற்றைக் கட்டளைக்குச் சராசரிப் பயண நேரம் 80 வினாடி. ஒன்றை வைக்கவும் மற்றொன்றை எடுக்கவும் 160 வினாடி தேவை. இரட்டைக் கட்டளையில் இவ்விரண்டும் 108 வினாடியில் முடிகின்றன. மிச்சம் 52 வினாடி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

சரக்கின் இடம்

அடிக்கடி கேட்கப்படும் சரக்குகளை வாசலுக்கு அருகிலும், எப்போதாவது கேட்கப்படுபவற்றைத் தொலைவிலும் வைப்பது வகைவாரிச் சேமிப்பு ஆகும். ஹவுஸ்மன், ஷ்வார்ட்ஸ், கிரேவ்ஸ் ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறை பயண நேரத்தைக் கணிசமாகக் குறைக்கும் என்று காட்டியது. பருவத்துக்கேற்பத் தேவை மாறுவதால் இவ்வகைப்பாட்டை அவ்வப்போது திருத்த வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வேகமாக விற்கும் சரக்கு முழுவதையும் ஒரே இடைவழியில் குவித்தால், அங்குள்ள கிரேன் திணறும். மற்றவை சும்மா நிற்கும். எனவே அதனை எல்லா இடைவழிகளிலும் பிரித்து வைப்பது நல்லது. அதுபோல, இரட்டைக் கட்டளைக்கு இணை கிடைக்கட்டும் என்று அவசரச் சரக்கைக் காக்க வைப்பதும் தவறு. கிரேன் மிச்சப்படுத்தும் வினாடிகளைவிட, சரக்கு உரிய நேரத்தில் வாசலை அடைவதே முக்கியம்.