ஏறுதா... இறங்குதா?

போர்க் கப்பல் என்றதும் பீரங்கிதானே ஞாபகத்துக்கு வரும்? நிஜமான பரபரப்பு உள்ளே, ஜன்னலே இல்லாத இருட்டு ரூமில்! அமெரிக்கக் கப்பல்களில் அங்கே ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரேடார் திரையை முறைப்பவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள் இல்லை, மாலுமிகள். பலருக்கு காலேஜ் போகிற வயசு. திரையில் முளைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் நம்பர் போட்டு, என்ன உயரம், என்ன வேகம் என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். நம்ம ஆபீஸில் நோட் போட்டு அனுப்புகிற மாதிரிதான். என்ன, ஃபைலை நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இங்கே தள்ள முடியாது!

1988 ஜூலை 3. ஹார்முஸ் ஜலசந்தி. ஈரானியப் படகுகளோடு சண்டையில் இருந்தது 'வின்சென்ஸ்'. பந்தர் அப்பாஸிலிருந்து ஒரு விமானம் கிளம்பியது. 'எஃப்-14 போர் விமானம்' என்று ஒருவர் சொல்ல, ரூம் முழுக்க அதுவே பேச்சு. கடைசியில், "இறங்கி வருது!" என்று குரல். திரையில் அந்த நிமிட உயரம் மட்டும்தான் தெரியும்; ஏறுதா, இறங்குதான்னு மனசுக்குள்ளேயே கணக்குப் போடணும். சண்டை நடுவே கேப்டன் காதைத்தான் நம்பினார். இரண்டு ஏவுகணைகள்!

விழுந்தது ஈரான் ஏர் பயணி விமானம். 290 பேரும் பலி. கிளம்பி ஏழே நிமிஷம்.

பிறகு கம்ப்யூட்டர் டேப்பை ஓட்டிப் பார்த்தார்கள். விமானம் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மெஷின் சரியாகத்தான் பதிவு பண்ணியிருந்தது! அருகிலிருந்த 'சைட்ஸ்' கப்பல் திரையிலும் அதே புள்ளி. அந்தக் கேப்டன் அதை ஆபத்தாகவே நினைக்கவில்லை.