தாடையை மறந்த ஹெல்மெட்

2002 மே மாதம், ஆன்டிகுவா டெஸ்ட். மெர்வின் தில்லன் வீசிய பந்து பட்டு அனில் கும்ப்ளேயின் தாடை உடைந்தது. தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு களத்துக்குத் திரும்பியவர், 14 ஓவர் வீசி பிரையன் லாராவின் விக்கெட்டையும் எடுத்தார். அந்தக் காட்சியை யாரும் மறக்கவில்லை. ஆனால், நம் மருத்துவமனைகளுக்குத் தாடை உடைந்து வருபவர்களில் பெரும்பாலோர் வண்டியிலிருந்து விழுந்தவர்கள்.

மேலை நாடுகள் பலவற்றில் முக எலும்பு முறிவுக்கு அடிதடியும், வயதானவர்கள் தடுமாறி விழுவதும் முக்கியக் காரணங்கள். இந்தியாவில் சாலைதான், அதிலும் இருசக்கர வாகனம். 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் அதிகமானோர் அதில் சென்றவர்கள். உயிர் தப்பி, உடைந்த முகத்தோடு வீடு திரும்பியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

முகத்தில் அதிகம் உடைவது மூக்கெலும்பு. துருத்திக்கொண்டிருக்கிறது, மெல்லியதும்கூட. கீழ்த்தாடையும் கன்ன எலும்பும் அடுத்தவை. கீழ்த்தாடையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: அடி படுவது முகவாயில், எலும்பு முறிவதோ காதுக்கு முன்னால், மூட்டருகே. விழுந்த குழந்தைக்கு முகவாயில் தையல் போட்டதும் பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். மூட்டருகே முறிவைக் கவனிக்காமல் விட்டால், வாய் திறப்பது குறையலாம்; தாடை வளர்ச்சியே ஒருபக்கமாகத் தடைபடலாம். வாயைத் திறக்க முடியவில்லை, பல்வரிசை முன்போல் பொருந்தவில்லை, பார்வை இரண்டாகத் தெரிகிறது, கன்னம் மரத்துப்போகிறது என்றால் தாமதிக்கவே கூடாது.

நிரந்தரப் பல் முழுதாகத் தெறித்து விழுந்தால், வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோனால் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல்லைப் பொருத்த மாட்டார்கள்.

உடைந்தபின் பார்ப்பது இருக்கட்டும், உடையாமல் தடுக்கவும் முடியும். பிரிட்டனில் 1983 ஜனவரி 31 முதல் காரின் முன்னிருக்கையில் சீட் பெல்ட் கட்டாயமானது. அதன்பின், கண்ணாடியில் மோதி முகம் கிழிந்து வருபவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். சட்டம் முகத்தைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், நம் சாலைகளில் பலர் அணிவது மண்டையை மட்டும் மூடும் பாதி ஹெல்மெட். தாடைக்கு அதில் காவலே இல்லை. வாரைப் பூட்டாவிட்டால் முழுமுக ஹெல்மெட்டும் விழும்போதே கழன்று ஓடிவிடும்.

வண்டியில் அப்பாவுக்கு முன்னால் நின்றுவரும் பிள்ளைக்கு, பிரேக் அடித்தால் முகத்துக்கு நேரே ஹேண்டில்பார்தான். நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பள்ளி வாசலில் வந்து நிற்கும் வண்டிகளில் எத்தனை பிள்ளைகளின் தலையில் அது இருக்கிறது?